டர்போ பக்கத்து அளவு

போன வாரம் ரேவதி போனில் கூப்பிட்டாள். கடலூரில் நான் எட்டு வருடம் வேலை பார்த்த டீசல் ஒர்க்‌ஷாப்பில், என் மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்.

"அக்கா, பழைய வண்டி ஒண்ணு வந்துருக்கு. பிக்கப்பே இல்ல. பூஸ்ட் கம்மியாக் காட்டுது. ராடை எத்தன சுத்து சுத்தணும்?"

மடியில் சின்னவன் இருந்தான், அடுப்பில் பால் இருந்தது. "அரை மணி நேரத்துல கூப்பிடறேன், அது வரைக்கும் அதுல கை வைக்காத" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு, அவள் பதிலையே கேட்காமல் வைத்துவிட்டோமோ, கை வைத்துவிடுவாளோ என்று கவலை வந்தது. என் சுபாவம் அது. அந்த அரை மணி நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இருபத்தொன்பது வயதில் 'ஓய்வு பெற்றவள்' என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். இரண்டாவது குழந்தை பிறந்தது. என் கணவருக்குக் குடிகாடு பக்கத்துத் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட். இந்த வருடம் வேலையை விட்டேன். சரியான முடிவுதானா என்று இன்னும் வாரத்துக்கு இரண்டு தடவை யோசிக்கிறேன். இப்போது வரும் வண்டிகளில் பூஸ்டைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. லேப்டாப்பைச் சொருகினால் கோளாறின் பெயரே திரையில் வந்து நிற்கிறது. பழைய வண்டி எப்போதாவது வந்தால்தான் என் போன் அடிக்கும்.

ஆட்டோமொபைல் டிப்ளமோ மூன்று வருடம், பயிற்சி ஆறு மாதம். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஸ்பேனர் எண்களையும் ஆண்கள் என்னைத் தாண்டி வேறு எங்கேயோ பார்த்துப் பேசுவதையும் பழகிக்கொண்டேன். 2004இல் வேலைக்குச் சேர்ந்தேன். வண்டிக்காரர் சொல்வதைக் கேட்டு ஜாப் கார்டு எழுதுவது, சோதனை ஓட்டம் போவது, அளவு குறிப்பது என் வேலை. முடித்த வேலையை இன்னொரு முறை போய்ப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. லாக் நட்டை முடுக்கினோமா, ஆயில் மூடி போட்டோமா என்று திரும்பப் போய் நிற்பேன். மெக்கானிக்குகள் எனக்கு 'மறுபடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் பானட் பக்கம் நடந்தாலே, "டேய், மறுபடி வருதுடா" என்று குரல் கேட்கும்.

எங்கள் மேலாளர் தேவசகாயம் சார். அந்த ஒர்க்‌ஷாப்பில் வெள்ளைச் சட்டை போட்டு, மாலை வரை ஒரு கறை படாமல் வீட்டுக்குப் போகும் ஒரே ஆள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வண்டியைச் சுற்றி வருவார். கார்டில் 'புகை அதிகம்', 'பிக்கப் குறைவு' என்றெல்லாம் எழுதினால் பேனாவைத் திருப்பி அதன் மூடியால் அந்த வார்த்தையைத் தட்டுவார். எண் வேண்டும். எண்ணை எழுதினால், அதற்கும் ஒரு கேள்வி உண்டு.

"பாத்தியா, நெனச்சியா?"

"பாத்தேன் சார்."

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிடுவார். திட்டி நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது.

டர்போ என்பது, இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் வேகத்தில் சுற்றும் ஒரு சின்னச் சக்கரம். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும். அந்த அழுத்தம்தான் பூஸ்ட். நாங்கள் அதைக் கிலோவில் சொல்வோம். அளவு மீறாமல் இருக்க டர்போவில் ஒரு குட்டிக் கதவு இருக்கிறது. அழுத்தம் போதுமான அளவுக்கு வந்ததும் பென்சில் கனத்தில் ஒரு கம்பி அந்தக் கதவைத் தள்ளித் திறக்கும். புகையில் ஒரு பங்கு சக்கரத்தைத் தொடாமல் வெளியே போய்விடும். அந்தக் கம்பிதான் ராடு. அதன் நுனியில் மரை உண்டு. மரையைச் சுற்றி ராடின் நீளத்தைக் குறைத்தால் கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும். நீட்டினால் இறங்கும். இரண்டு நிமிட வேலை. அதனால்தான் எல்லாருக்கும் அதன் மேல் கை போகிறது.

ராடைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு இடத்தில் பூஸ்ட் பார்க்க வேண்டும் என்பது சாரின் முறை. முதலில் இன்ஜின் பக்கம்: காற்று உள்ளே நுழையும் இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்தி, வண்டியில் ஆள் ஏற்றி, கேப்பர் மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்து ஓட்ட வேண்டும். பக்கத்து இருக்கையில் கேஜை மடியில் வைத்துக்கொண்டு நான் முள்ளைப் பார்ப்பேன். பிறகு திரும்பி வந்து, டர்போ ஆறும் வரை இருபது நிமிடம் காத்திருந்து, கேஜை டர்போ பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, திரும்பவும் அதே ஏற்றம். கார்டில் இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ராடு பக்கம் போகலாம். வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கேயோ கோளாறு. ராடைத் தொடவே கூடாது.

2009இல் சிதம்பரத்திலிருந்து கலியபெருமாள் என்பவர் தன் பழைய டீசல் வண்டியைக் கொண்டுவந்தார். வாடகைக்கு ஓட்டி ஓட்டி வண்டிக்கும் அவருக்கும் ஒரே மாதிரி இருமல்.

"மேடம், என் பொண்ணை ஏர்காட்டுல குடுத்துருக்கு. ஏழு மாசம். வர்ற வெள்ளிக்கெழம வளைகாப்பு. போட்டுட்டு வீட்டுக்குக் கூட்டியாரணும். போன வாட்டி மலையில பாதிப் பேரு எறங்கி நடந்தோம். என் பொஞ்சாதி அத்தன வளைவுலயும் என்னைத் திட்டிக்கிட்டே நடந்தா. மொத்தம் இருபது வளைவு."

அன்று திங்கட்கிழமை. இன்ஜின் பக்கம் 0.45 கிலோதான் வந்தது, 0.7 வர வேண்டும். ஹோஸ்களை வெளியே தடவிப் பார்த்தேன், சோப்பு நீர் விட்டுப் பார்த்தேன். கசிவு இல்லை. டர்போ ஆறட்டும் என்று உட்கார்ந்தபோது, என் மூத்தவள் யாழினியைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மேரி அக்காவின் போன் வந்தது. யாழினிக்கு அப்போது பத்து மாதம்.

"செல்வி, பாப்பாவுக்கு ஒடம்பு சுடுதும்மா. பால் குடிக்க மாட்டேங்குது. எப்ப வருவே?"

டர்போ பக்கம் பார்க்க, அது ஆற இருபது நிமிடம், மலைக்குப் போய்வர அரை மணி நேரம். ராடிலும் அதன் நட்டிலும் பழைய இடத்துக்கு ஒவ்வொரு மஞ்சள் பெயின்ட் புள்ளி வைத்தேன். அது என் பழக்கம். மூன்று சுற்று முடுக்கினேன். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்ததில் இன்ஜின் பக்கம் 0.7 வந்தது. கார்டில் முதல் கட்டத்தில் 0.7 என்று எழுதினேன். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் சார் கேட்பார். கேட்டால் காட்ட ஒரு எண் இருக்க வேண்டும். அதிலும் 0.7 என்று எழுதினேன். சார் வங்கிக்குப் போயிருந்தார். வண்டி போய்விட்டது, நானும் போய்விட்டேன்.

எதையும் இரண்டு தடவை பார்க்கும் நான், அந்தக் கட்டத்தை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கலியபெருமாள் போன் செய்தார். குரலிலேயே சிரிப்பு.

"மேடம், வண்டி பறக்குது! நீங்க செஞ்சது பாதி, என் மச்சான் செஞ்சது பாதி. நேத்து சாயங்காலம் பாத்தான், டர்போவுலேந்து போற ரப்பர் ஹோஸு ஒண்ணு மெத்து மெத்துன்னு இருக்குதுன்னான். கழட்டினா, உள்ள தோலு உரிஞ்சி வாயை அடைச்சிக்கிட்டு கெடக்குது. வெளிய பாத்தா புதுசு மாதிரி. மாத்திட்டான். இப்ப தொட்டா ஓடுது! பதினொன்னரைக்குள்ள கெளம்பிடுவோம்."

நல்ல செய்திதான். நான் கையில் போனோடு எழுந்து நின்றுவிட்டேன். அடைப்பு நடுவில் இருந்திருக்கிறது. டர்போ பக்கம் 0.7 சரியாகவே வந்திருக்கிறது. இன்ஜினுக்குப் போய்ச் சேரும்போது 0.45 ஆகக் குறைந்திருக்கிறது. நான் ராடை முடுக்கி டர்போவை ஒரு கிலோவுக்கு மேல் ஊத வைத்துவிட்டேன். இப்போது அடைப்பும் போய்விட்டது. அத்தனையும் அந்தப் பழைய இன்ஜினுக்குள் போகும், காற்றுக்கு ஏற்றபடி பம்பும் டீசலைக் கூட்டிக் கொடுக்கும். சமதரையில் பறக்கும். மலையில், ஆள் நிறைய ஏறிய வண்டியில், விடாமல் மிதித்தால், இன்ஜினின் அழுத்தம் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் தாங்காது, இன்ஜின் நின்றுவிடும். ஏறும்போது நின்றால்கூடப் பரவாயில்லை. இறங்கும்போது இன்ஜின் நின்றால், பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் அதோடு நின்றுவிடும். மிதி கல் மாதிரி ஆகிவிடும். இறங்கும்போது அந்த வண்டியில் ஏழு மாதக் கர்ப்பிணி இருப்பாள்.

"யாரு போன்ல?" என்றார் சார்.

"சிதம்பரம் கலியபெருமாள் சார். அவரு மச்சான் ஹோஸை மாத்திட்டாராம். உள்ள அடைச்சிருந்துச்சாம். வண்டி பறக்குதாம்."

"நல்லதுதான?"

"இல்ல சார்."

அவர் கார்டை எடுத்தார். இரண்டு கட்டங்களையும் பார்த்தார். பேனா மூடியை இரண்டாவது கட்டத்தின் மேல் வைத்தார்.

"டர்போ பக்கம் பாயின்ட் ஏழு. பாத்தியா, நெனச்சியா?"

ஐந்து வருடமாக ஒரே பதில் சொன்ன கேள்வி.

"நெனைக்கக்கூட இல்ல சார். எழுதிட்டேன்."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையின் கீழ்ப்பகுதியால் துடைத்தார். அந்தச் சட்டை பேன்ட்டுக்கு வெளியே வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"என்னிக்கு?"

"திங்கக்கெழம. பாப்பாவுக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு."

"இப்ப எப்பிடி இருக்கு?"

"இப்ப பரவால்ல சார்."

"கேஜையும் கைப்பம்பையும் எடு. அவருக்குப் போன் போடு."

போன் போட்டேன். "ஐயா, வண்டியை எடுக்காதீங்க, நாங்க வந்துக்கிட்டே இருக்கோம், பூஸ்ட் ஜாஸ்தியா இருக்கும்" என்றேன்.

"ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானம்மா? கொறைக்கவா வர்றீங்க? பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்கு மேல எங்க வூட்ல வாசப்படி தாண்ட மாட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒர்க்‌ஷாப் ஜீப்பைச் சாரே ஓட்டினார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், எங்கேயும் ஐம்பதைத் தாண்டவில்லை. "சார், கொஞ்சம் வேகமா..." என்றேன். "வேகமாப் போனா கேஜு வேகமாவா காட்டும்?" என்றார். போகும் வழியிலேயே அவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விடுவார்களோ என்று எதிரே வரும் ஒவ்வொரு வண்டியின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போக வேண்டியது சேத்தியாத்தோப்பு வழி. இந்தப் பக்கம் வரவே மாட்டார்கள். அது தெரிந்தும் பார்த்தேன்.

வடக்கு வீதியை ஒட்டிய சந்தில் வண்டி நின்றிருந்தது. மேலே சீர்த்தட்டுகள் கட்டி, உள்ளே சொந்தக்காரர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கலியபெருமாள் சாவியும் கையுமாக நின்றார். மணி பதினொன்றே கால்.

"வாங்க வாங்க. குடுத்த பிக்கப்பைத் திருப்பி வாங்கிக்க வந்துட்டாங்க பாரு. நாங்க மறுபடி எறங்கி நடக்கணுமா மேடம்?"

சார் பதில் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, திங்கக்கெழம ரெண்டு அளவு எடுக்கணும். நான் ஒண்ணுதான் எடுத்தேன். ரெண்டாவதை எடுத்த மாதிரி எழுதிட்டேன். எடுத்துருந்தா அந்த ஹோஸு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். ராடைத் தொட்டுருக்கவே மாட்டேன்."

"பாக்காமயே எழுதிட்டியா?" 'மேடம்' போய்விட்டது. "இதைச் சொல்லவா அம்மாந்தூரத்துலேந்து வந்தே? போன்லயே சொல்லியிருந்தா நல்லாத் திட்டியிருப்பேன்ல?"

"இந்த வண்டியில மலை ஏறக் கூடாதுங்க. ஏறினாலும் எறங்கக் கூடாது."

"நேரம் போவுது. வந்து பாத்துக்கலாம்."

வண்டிக்குள்ளிருந்து அவர் மனைவி அஞ்சலை எட்டிப் பார்த்தார். "உனக்குக் கொழந்த இருக்குதாம்மா?"

"பத்து மாசங்க."

"ஏன் அன்னிக்குப் பாக்காம வுட்டே?"

"அதுக்குக் காய்ச்சல்."

அஞ்சலை இறங்கினார். மடியில் வைத்திருந்த வளையல் பையை எடுத்துக்கொண்டு நேராக எதிர் வீட்டுக்குள் போனார். வெறும் கையோடு திரும்பி வந்தார்.

"பரஸ்தானம் வச்சாச்சு. நல்ல நேரத்துல பை கெளம்பிடுச்சு. வண்டி எப்ப வேணா கெளம்பட்டும். எல்லாம் எறங்குங்க."

நேரம் பார்த்துக் கிளம்ப முடியாதவர்கள், நல்ல நேரத்தில் ஒரு பொருளை இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகவே கணக்கு. எங்கள் வீட்டிலும் செய்வார்கள். கலியபெருமாள் சாவியை என்னிடம் நீட்டவில்லை, சாரிடம் கொடுத்தார். அது எனக்கு வலித்தது. நியாயம்தான் என்றும் தோன்றியது.

"நீங்களே ஓட்டுங்க. அந்த ஆளுங்களையும் திருப்பி ஏத்துங்க" என்றார் சார்.

இன்ஜின் பக்கம் கேஜைப் பொருத்தி, ரயில்வே மேம்பாலத்துக்குப் போனோம். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் கலியபெருமாள் மிதித்தார். முள் 0.7ஐத் தாண்டியது, 0.8ஐத் தாண்டியது.

"ஒண்ணு" என்றேன். "ஒண்ணு தாண்டுது."

"கால எடுங்க" என்றார் சார்.

கலியபெருமாள் திரும்பி, என் மடியில் இருந்த கேஜில் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்ற முள்ளைப் பார்த்தார். வண்டியை மெதுவாக வீட்டுப் பக்கம் திருப்பினார்.

டர்போ ஆற இருபது நிமிடம். திங்கட்கிழமை என்னிடம் இல்லாத அதே இருபது நிமிடம். அஞ்சலை வழிக்குக் கட்டியிருந்த புளிசாதத்தைப் பிரித்து எனக்கும் சாருக்கும் வைத்தார். "கசாயம் கிசாயம் குடுத்தியா? டாக்டர்ட்ட காமிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "தின்னும்மா, பால் குடுக்கறவ" என்று இன்னொரு கரண்டி வைத்தார்.

பிறகு லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் திருப்பினேன். ஒன்று. இரண்டு. மூன்று. மஞ்சள் புள்ளிகள் நேருக்கு நேர் வந்தன. கைப்பம்பால் காற்று கொடுத்து, ராடு எந்த அழுத்தத்தில் அசைகிறது என்று பார்த்தேன். பம்பை நிறுத்திய பிறகும் முள் இறங்காமல் நின்றது, கசிவு இல்லை. திரும்பவும் மேம்பாலம். இன்ஜின் பக்கம் 0.68. திரும்பி வந்து, ஆற வைத்து, கேஜை மாற்றி, மறுபடி மேம்பாலம். டர்போ பக்கம் 0.72.

"ராகு காலத்துல எடுத்த அளவு, சரியா இருக்குமா?" என்று கலியபெருமாள் கேட்டார்.

"எங்க கேஜு வேதக்காரன் கேஜு, சர்ச்சுக்குப் போற கேஜு, அதுக்கு ராகு காலம் தெரியாது" என்றார் சார். அன்றைக்கு முதல் தடவையாக எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என்னிடம், "இன்னொரு வாட்டி பாக்கணுமா?" என்றார்.

"பாக்கணும் சார்."

பார்த்தோம். அதே அளவுதான் வந்தது. ராகு காலம் முடிந்து எதிர் வீட்டிலிருந்து வளையல் பையை எடுத்துக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். இரவு சேலத்தில் தங்கி, காலையில் மலை ஏறுவதாகத் திட்டம்.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் சார் பழைய கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்வார் என்று நினைத்தேன். என் பொய் எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போடச் சொன்னார், எண்ணைப் படிக்க முடியும்படி. பக்கத்தில், 'அன்று பார்க்கவில்லை' என்று எழுதச் சொன்னார். கீழே அன்றைய இரண்டு அளவுகள். அவர் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் வேலையை விட்ட நாள் வரை, எந்தக் கார்டை நீட்டினாலும் பழையபடி, "பாத்தியா, நெனச்சியா?" என்றுதான் கேட்டார். கேட்காமல் விட்டுவிடுவாரோ என்று எவ்வளவு பயந்திருந்தேன் என்பது அந்தக் கேள்வி வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை காலை முழுவதும் போனைக் கையில் வைத்திருந்தேன். பதினொரு மணிக்கு மேல் அடித்தது. கலியபெருமாள் இல்லை, ஒரு பெண் குரல்.

"அக்கா, நான் அவரு பொண்ணு பேசறேன். அப்பா சொல்லச் சொன்னாரு, யாரும் எறங்கலயாம். அம்மா திட்ட ஒண்ணும் இல்லாம வளைவு எண்ணிக்கிட்டே வந்தாங்களாம். எறங்கறப்பயும் போன் போடணுமான்னு அப்பா கேக்கறாரு."

"போடச் சொல்லும்மா" என்றேன். சனிக்கிழமை மாலை, அடிவாரத்திலிருந்து போட்டார்கள்.

பால் பொங்கி அடங்கிவிட்டது. சின்னவன் தூங்கிவிட்டான். ரேவதியைக் கூப்பிட்டேன்.

"இன்ஜின் பக்கம் எவ்ளோ?"

"பாயின்ட் அஞ்சுக்கா."

"டர்போ பக்கம்?"

போனில் கம்ப்ரசர் சத்தம் மட்டும் கேட்டது. என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். 'அதேதான்க்கா' என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது என்பது எனக்குத் தெரியும்.

"இன்னும் பாக்கலக்கா" என்றாள்.

"பாத்துட்டுக் கூப்பிடு."

முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். இரண்டு எண்களைச் சொன்னாள். இரண்டும் வேறு வேறு.